கொல்லிமலையில் ஒரு கடல்தரை

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி ஓட்டுபவரின் கண் வளைவில் இருக்கும். மற்றவர்களின் கண் பள்ளத்தாக்கில் இருக்கும். சாலையோரத்தில் வெட்டுண்டு நிற்கும் பாறையைக் கவனிப்பவர் அரிது. கருஞ்சாம்பல் நிறத்தில் மங்கிய பளபளப்போடு இருக்கும் அந்தப் பாறையின் பெயர் சார்னோக்கைட். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது அது. மேலே கிடந்ததெல்லாம் காலப்போக்கில் அரிக்கப்பட்டுக் கரைந்த பிறகு இன்று கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,300 மீட்டர் வரை உயர்ந்து நிற்கிறது.

அந்தச் சார்னோக்கைட்டுக்கு நடுவே வேறு சில பாறைகளும் ஊடுபாவாகக் கிடக்கின்றன. இரும்பும் சிலிக்காவும் மாறி மாறிப் படிந்த வரிப்பாறைகள். அவற்றை ஒட்டி எரிமலைக் குழம்பிலிருந்து பிறந்த கருநிறப் பாறைகள். வரிப்பாறைகள் ஒரு காலத்தில் கடலுக்கடியில் படிந்த வண்டல். உடனிருக்கும் கருநிறப் பாறைகளைப் பண்டைய கடல்தரையின் மிச்சம் என்றே நிலவியலாளர் சிலர் கருதுகிறார்கள். கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், பலாவும் மிளகும் விளையும் ஒரு மலையில் ஆழ்கடலின் பழைய ஏடு ஒன்று கிடக்கிறது.

ஆழ்கடல் ஆராய்ச்சி என்றதும் நினைவுக்கு வருவது நீர்மூழ்கி வாகனம்தான். அதன் மறுபாதி மலையில் நடக்கிறது என்பதும், அதற்குக் காரணம் இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது.

கடலில் இல்லாத பழங்கடல்

கடல்தரை நிலையானது அல்ல. பெருங்கடல்களின் நடுவே ஓடும் மலைத்தொடர்களில் பாறைக்குழம்பு மேலெழுந்து புதிய தரையாக உறைகிறது. பழைய தரை இரு பக்கமும் விலகிச் சென்று, ஆழமான அகழிகளில் பூமிக்குள் புகுந்து மறைகிறது. இந்தப் பிறப்பும் மறைவும் ஓயாமல் நடப்பதால், இன்றைய பெருங்கடல்களின் தரையில் பெரும்பகுதி 20 கோடி ஆண்டுகளுக்குக் குறைந்த வயதுடையது. பூமியின் வயதோ 450 கோடி ஆண்டுக்கு மேல். ஆகவே எவ்வளவு ஆழத்துக்கு இறங்கினாலும் முதல் கடல்களின் தரையைக் கடலில் காண முடியாது. கண்டங்கள் மோதியபோது விழுங்கப்படாமல் தப்பி, மேலே தள்ளப்பட்டு, மலைகளில் சிக்கிக்கொண்ட துண்டுகளே நமக்கு மிச்சம்.

அப்படிப்பட்ட துண்டுகள் கிடைக்கும் இடங்களில் ஒன்று நம் காவிரி வட்டாரம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரி ஓரமாகக் கிழக்கே செல்லும் ஒரு பட்டையைப் பாலக்காடு–காவிரித் தையல் மண்டலம் என்கிறார்கள் நிலவியலாளர்கள். இரண்டு பழைய நிலத்தட்டுகள் மோதி ஒட்டிக்கொண்ட இடம் இதுவென்றும், அவற்றுக்கு இடையில் இருந்த கடல் மூடிப்போனது என்றும் அவர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். கொல்லிமலை இந்த மண்டலத்தின் வடக்கு விளிம்பில் நிற்கிறது. மலைக்குத் தெற்கே காவிரிப் பக்கமாக உள்ள தேவனூர், மணமேடு ஆகிய இடங்களின் பாறைத் தொகுதிகளை, நிலத்தில் ஏறிய கடல்தரை என்று ஹைதராபாத் தேசியப் புவியியற்பியல் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அடையாளம் காட்டியிருக்கிறார்கள். எந்தக் கடல், எப்போது மூடியது, ஒரு முறையா பல முறையா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. பாறைகள் பின்னாளில் பலமுறை வெந்து மடிந்திருப்பதால் அவற்றைப் படிப்பது எளிதல்ல.

வரிப்பாறையில் உள்ள இரும்பின் கதை சற்றுத் தெளிவானது. 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல்நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அதனால் இரும்பு துருவாகாமல் நீரில் கரைந்தே கிடந்தது. அந்த இரும்பில் பெரும்பங்கைக் கடலுக்குக் கொடுத்தவை ஆழ்கடல் தரையிலிருந்த வெந்நீர் ஊற்றுகள். நுண்ணுயிர்களின் செயலால் இரும்பு ஆக்சைடாக மாறி அடியில் படிந்தது. இடையிடையே சிலிக்கா படிந்தது. பின்னர் மண்ணுக்குள் அமிழ்ந்து வெந்தபோது அது மேக்னடைட் குவார்ட்சைட் ஆனது. கஞ்சமலை, கோதுமலை, தீர்த்தமலை, கொல்லிமலை எனப் பழைய சேலம் மாவட்டம் முழுவதும் இந்தப் பாறை பரவியிருக்கிறது. சேலம் இரும்பின் புகழுக்கு இதுவே அடிப்படை. 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பாலை உருக்கியதும் சேலம் வட்டாரத்துத் தாதுவைத்தான். ஆழ்கடலில் பிறந்த இரும்பு மீண்டும் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

கயிற்றிலிருந்து கோளத்துக்கு

இன்றைய கடலின் ஆழத்தை மனிதன் முதலில் அளந்தது கயிற்றால். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய பிரிட்டிஷ் கப்பல் சேலஞ்சர், 1875 மார்ச்சில் மேற்குப் பசிபிக்கில் எடைகட்டிய கயிற்றை விட்டபோது அது 8,184 மீட்டர் இறங்கியது. மரியானா அகழியின் அந்த வட்டாரத்திலேயே பின்னர் கண்டறியப்பட்ட மிக ஆழமான இடம் ஏறத்தாழ 10,900 மீட்டர். எட்டுக் கொல்லிமலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அங்கே வைத்தாலும் உச்சி நீருக்கு வெளியே தெரியாது. 1960 ஜனவரி 23-இல் ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் டிரியெஸ்ட் என்ற வாகனத்தில் அந்த அடியைத் தொட்டார்கள். அடுத்த மனிதர் அங்கே இறங்க 52 ஆண்டுகள் ஆயின. 2012 மார்ச்சில் தனியாக இறங்கிய அவர் திரைப்பட இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன். அந்த இடைவெளியில் நிலவில் 12 பேர் நடந்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள்.

இந்தியப் பெருங்கடலுக்கும் தனி வரலாறு உண்டு. பிரிட்டிஷ் இந்திய அரசின் இன்வெஸ்டிகேட்டர் கப்பலில் 1888 முதல் 1892 வரை மருத்துவராகவும் உயிரியலாளராகவும் பணியாற்றிய ஆல்ஃபிரட் ஆல்காக், வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் வலையை ஆழத்துக்கு இறக்கி, அதுவரை யாரும் அறியாத பல உயிரினங்களை மேலே கொண்டுவந்தார். 1933–34-இல் எகிப்தியக் கப்பல் மபாஹிஸ் அரபிக் கடலின் அடியில் இருந்த மலைத்தொடர்களை அளந்தது. அந்தப் பயணத்தின் தலைவர் சீமோர் சிவெல், இந்திய விலங்கியல் அளவாய்வுத் துறையின் இயக்குநராக இருந்தவர். 1960-களின் முற்பாதியில் பல நாடுகள் சேர்ந்து நடத்திய சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின் தொடர்ச்சியாகவே 1966-இல் தேசியக் கடலாய்வுக் கழகம் உருவானது. அதன் தலைமையிடம் கோவா.

இத்தனைக்குப் பிறகும் பார்த்தது எவ்வளவு? 2025 மே மாதம் வெளியான ஓர் ஆய்வு கணக்குப் போட்டது: 200 மீட்டருக்குக் கீழான கடல்தரையில் மனிதக் கண்ணோ கேமராவோ கண்டது 0.001 சதவீதத்துக்கும் குறைவு. ஒலி அலைகளைக் கொண்டு உலகக் கடல்தரை முழுவதையும் 2030-க்குள் வரைந்துவிட வேண்டும் என்று 2017-இல் தொடங்கிய சர்வதேச முயற்சியும் 2025 நடுவில் 27.3 சதவீதத்தில்தான் நின்றது.

பள்ளிக்கரணையின் வேலை

தமிழ்நாட்டில் இந்தத் தேடலின் முகவரி சென்னைப் பள்ளிக்கரணை. 1993-இல் நிறுவப்பட்ட தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் அங்கேதான் இருக்கிறது. ரஷ்ய நிறுவனத்தோடு சேர்ந்து இக்கழகம் உருவாக்கிய ரோசப் 6000 என்ற ஆளில்லா வாகனம் 2010-இல் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழத்தைத் தொட்டது. வராகா என்ற சங்கிலிச் சக்கர வாகனம் 2021-இல் அதே கடல்தரையில் 5,270 மீட்டர் ஆழத்தில் ஊர்ந்து பார்த்தது. 2024 டிசம்பரில் ஓமே 6000 என்ற தானியங்கி வாகனம், 4,500 மீட்டர் ஆழத்தில் இயங்கிக்கொண்டிருந்த ஒரு வெந்நீர் ஊற்றைப் படம்பிடித்தது. கொல்லிமலை வரிப்பாறைக்கு இரும்பைக் கொடுத்தது இத்தகைய ஊற்றுகளின் மூதாதைகளே.

இப்போதைய பெரிய வேலை ஆட்களை இறக்குவது. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை 4,077 கோடி ரூபாய்க்கு ஆழ்கடல் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன் ஒரு பகுதிதான் சமுத்ரயான். மூன்று பேரை 6,000 மீட்டருக்குக் கொண்டு செல்லும் மத்ஸ்யா 6000 வாகனத்தை உருவாக்குவதே அதன் இலக்கு.

ஏன் 6,000? உலகக் கடல்தரையில் பெரும்பகுதி அந்த ஆழத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதற்கும் கீழே இருப்பவை ஒடுங்கிய அகழிகள். பரப்பில் மிகச் சிறியவை. இந்தியாவுக்கு ஆய்வு உரிமை உள்ள பகுதிகளும் 6,000 மீட்டருக்குள்ளேயே இருக்கின்றன.

6,000 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் 600 கிலோ எடை அழுத்தும். மத்ஸ்யாவில் ஆட்கள் உட்காரும் கோளத்தின் உள்விட்டம் 2.1 மீட்டர், அதன் சுவர் 80 மில்லிமீட்டர் தடிப்புள்ள டைட்டானியக் கலவை. கோளத்தின் மேற்பரப்பு முழுவதும் விழும் பாரத்தைக் கூட்டினால் ஒரு லட்சம் டன்னை நெருங்கும். கோள வடிவம் அந்தப் பாரத்தை எல்லாப் பக்கமும் சமமாகப் பங்கிடுகிறது. சுவரிலோ பற்றவைப்பிலோ கண்ணுக்குத் தெரியாத குறை இருந்தாலும் போதும், எல்லாம் முடிந்துவிடும். 2023 ஜூனில் டைட்டானிக் கப்பலைக் காணப் போன டைட்டன் வாகனம் அட்லாண்டிக்கில் உள்நோக்கி நொறுங்கி ஐந்து பேர் இறந்தார்கள். அதன் உருளை உடல் கார்பன் இழையால் ஆனது. அத்தனை தடிப்புள்ள டைட்டானியத்தை எலெக்ட்ரான் கற்றையால் பற்றவைக்கும் வேலையை இஸ்ரோ ஏற்றிருப்பது, பற்றவைப்பில் சிறு குறையும் இருக்கக் கூடாது என்பதால்தான்.

அழுத்தத்துக்கு அடுத்த இடையூறு தகவல் தொடர்பு. வானொலி அலை கடல்நீரில் சிறிது தூரத்திலேயே அடங்கிவிடும். ஒலி மட்டுமே மேலே வரும். அதுவும் நொடிக்கு 1,500 மீட்டர் வேகத்தில். அடியிலிருந்து ஒரு சொல் கப்பலுக்கு வர நான்கு நொடி, பதில் திரும்ப இன்னும் நான்கு நொடி. வழக்கமான பணி நேரம் 12 மணி. இறங்கவும் ஏறவும் போக, அடியில் கிடைப்பது சில மணி நேரம்தான். சிக்கல் வந்தால் 96 மணி நேரம் உயிர் காக்கும் ஏற்பாடு உள்ளே உண்டு.

2025 தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் மத்ஸ்யா நீருக்குள் இறக்கப்பட்டு, அதன் கருவிகள் சோதிக்கப்பட்டன. எஃகுக் கோளத்தோடு 500 மீட்டர், அதன் பிறகு டைட்டானியக் கோளத்தோடு 6,000 மீட்டர் என்பது திட்டம். அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியர் இருவர் பிரான்ஸின் ‘நோட்டீல்’ என்ற வாகனத்தில் அட்லாண்டிக்கில் இறங்கிப் பயிற்சி பெற்றார்கள். பள்ளிக்கரணைக் கழகத்தின் விஞ்ஞானி ராஜு ரமேஷ் 4,025 மீட்டரையும், ஓய்வுபெற்ற கடற்படைக் கமாண்டர் ஜதிந்தர் பால் சிங் 5,002 மீட்டரையும் தொட்டார்கள்.

கொல்லிமலை இருக்கும் நாமக்கல் மாவட்டத்துக்கு விண்வெளித் திட்டத்தோடும் ஓர் உறவு உண்டு. சித்தம்பூண்டி, குன்னமலை வட்டாரத்தின் அனார்த்தோசைட் பாறையைப் பொடித்துத்தான் சந்திரயான் வாகனங்களைச் சோதிக்கும் நிலவு மண்ணை இஸ்ரோ உருவாக்கியது. அதைத் தமிழ்நாட்டில் பலரும் பெருமையோடு நினைவு வைத்திருக்கிறார்கள். அதே மாவட்டத்தில் பழைய கடல்தரையின் மிச்சமும் இருக்கலாம் என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

பார்ப்பதற்கா, அள்ளுவதற்கா

இத்தனை கோடி ரூபாய் அறிவுத் தாகத்துக்கு மட்டும் ஒதுக்கப்படவில்லை. 1981 ஜனவரி 26-இல் கோவா கழகத்தின் கவேஷணி கப்பல் கடலடியிலிருந்து சில கருங்கட்டிகளை மேலே எடுத்தது. உருளைக்கிழங்கு அளவிலான அந்த உலோக முடிச்சுகளில் மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட் எல்லாம் உண்டு. 1987-இல் முன்னோடி முதலீட்டாளர் என்ற தகுதியை உலகில் முதலில் பெற்ற நாடு இந்தியா. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் உள்ள சர்வதேசக் கடல்தரை ஆணையத்தோடு 2002-இல் ஒப்பந்தம் ஏற்பட்டது. கன்னியாகுமரிக்குத் தெற்கே 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் ஆராயும் உரிமை நம்மிடம் இருக்கிறது. அங்கே 38 கோடி டன் முடிச்சுகள் இருப்பதாக அரசின் மதிப்பீடு. வெந்நீர் ஊற்றுகளை ஒட்டிய சல்பைடு தாதுக்களுக்காக 2016-இல் ஓர் ஒப்பந்தமும், கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடருக்காக 2025 செப்டம்பரில் இன்னொன்றும் கையெழுத்தாயின. மின்சார வாகன மின்கலங்களுக்கு நிக்கலும் கோபால்ட்டும் தேவை. நம் நாட்டில் அவை அரிது. ஆகவே இந்த அக்கறை புரிந்துகொள்ளக் கூடியதே.

ஆனால் அந்த முடிச்சு வளரும் வேகம் பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். எடுத்தால் மறுபடி வளர்ந்துவிடும் என்று எந்த மனிதக் கணக்கிலும் சொல்ல முடியாது. முடிச்சின் மேலேயே ஒட்டி வாழும் உயிர்கள் உண்டு. முடிச்சு போனால் அவையும் போகும். 1989-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் பெரு நாட்டுக்கு அப்பால் கடலடியை உழுது பார்த்தார்கள். 26 ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போனபோது உழுத தடம் அப்படியே இருந்தது. பசிபிக்கில் 1979-இல் ஒரு சோதனை எந்திரம் விட்டுச் சென்ற தடத்தை 44 ஆண்டுகள் கழித்துப் பார்த்தவர்களும், சில உயிரினங்கள் திரும்பத் தொடங்கியிருந்தாலும் தடம் அழியவில்லை என்று 2025-இல் எழுதினார்கள்.

இந்தியாவும் இதைச் செய்து பார்த்த நாடுதான். 1997-இல் கோவா கழகம் ரஷ்யக் கப்பல் ஒன்றின் துணையோடு மத்திய இந்தியப் பெருங்கடல் தரையில் ஒரு பட்டையைக் கலக்கிவிட்டு, சேறு எங்கே படிகிறது, புழுக்கள் போன்ற சிற்றுயிர்களின் எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று அடுத்து வந்த ஆண்டுகளிலும் கண்காணித்தது. அள்ளுவதற்கு முன் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நம் அறிவியலாளர்களிடம் அன்றே இருந்திருக்கிறது.

நம் கடலில் இழக்க என்ன இருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு நத்தை போதும். கடலடியில் ஓடும் மத்திய இந்திய மலைத்தொடரின் கைரெய் ஊற்றுப் பகுதியில் 2001-இல் கண்டறியப்பட்ட செதில்கால் நத்தை, தன் காலை இரும்பு சல்பைடு பூசிய செதில்களால் மூடிக்கொள்கிறது. உடலில் இப்படி இரும்புக் கவசம் போட்ட வேறு விலங்கை இதுவரை யாரும் கண்டதில்லை. இந்தியப் பெருங்கடலின் சில ஊற்றுகளில் மட்டுமே அது வாழ்கிறது. 2019-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்துள்ள இனமாக அது சேர்க்கப்பட்டது. ஆழ்கடல் சுரங்கத்தின் அச்சுறுத்தலுக்காகவே அப்பட்டியலில் ஏறிய முதல் உயிரினம் அது.

சாட்சி உள்ள இடமும் இல்லாத இடமும்

கொல்லிமலையையும் வெட்டியிருக்கிறார்கள். சார்னோக்கைட் நெடுங்காலம் மழையிலும் வெயிலிலும் சிதைந்ததால் மலைமேட்டில் பாக்சைட் படிந்தது. அதை மேட்டூர் அலுமினிய ஆலைக்காக வெட்டி எடுத்தார்கள். அது சரியா தவறா என்று வாதாட அங்கே இடம் இருந்தது. வெட்டிய குழியை யாரும் போய்ப் பார்க்கலாம். ஊற்று வற்றினால் மலைவாழ் மக்களுக்கு அன்றே தெரியும். கிராம சபை உண்டு, மாவட்ட ஆட்சியர் உண்டு, நீதிமன்றம் உண்டு.

ஐயாயிரம் மீட்டர் ஆழத்தில் இவை எதுவும் இல்லை. வெட்டுபவர் எடுத்துவந்த படம் ஒன்றே சாட்சி. மத்ஸ்யாவின் மதிப்பு இங்கேதான் கூடுகிறது. அதைச் சுரங்கத்தின் முன்னோட்டமாக மட்டும் பார்ப்பது அதைச் சுருக்குவதாகும். கேமரா காட்டுவதை மட்டும் காணாமல், எதிரே இருப்பதைத் திரும்பிப் பார்க்கவும், எதிர்பாராததை நின்று கவனிக்கவும் தெரிந்த ஒரு மனிதரை அது அடியில் உட்கார வைக்கும்.

கடலடிச் சுரங்கத்துக்கான விதிகள் 2025-இலும் முடிவாகவில்லை. ஏறத்தாழ 40 நாடுகள் தடையோ இடைநிறுத்தமோ வேண்டும் என்கின்றன. இந்தியா அந்த வரிசையில் இல்லை. முடிச்சுகளுக்கான நம் ஆய்வு ஒப்பந்தத்தின் நீட்டிப்பு 2027 மார்ச் வரை. அதற்குள் சுரங்க முடிவு எடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. எடுக்க வேண்டியது வேறு சில முடிவுகள். மத்ஸ்யாவின் மூன்று இருக்கைகளில் ஒன்றை ஒவ்வொரு முறையும் உயிரியலாளருக்கோ நிலவியலாளருக்கோ ஒதுக்க வேண்டும். 1997 சோதனை நடந்த பட்டைக்கு அதை ஒருமுறையாவது அனுப்பி, இத்தனை ஆண்டுகளில் அங்கே என்ன மீண்டது என்று பார்க்க வேண்டும். அங்கே எடுக்கும் படங்களும் அளவுகளும் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொதுமக்களுக்குக் கிடைக்க வேண்டும். இந்த மூன்றும் நடக்கும் வரை, 38 கோடி டன் என்ற எண்ணை வளம் என்று சொல்வதைவிட ஆராயப்படாத நிலம் என்று சொல்வதே பொருந்தும்.